இந்த வண்டி பதினாலு கொடுக்கும்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனாவின் வலது கால் மடங்காது. பவர்லூம் செட்டில் தறி மாற்றியபோது இரும்புச் சட்டம் முட்டியில் விழுந்தது. வைத்தியம் பார்த்தவர் எலும்பை ஒட்டவைத்தார், கூடவே முட்டியும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் சலூன் நாற்காலியிலும் அந்தக் காலை நீட்டிக்கொண்டேதான் உட்காருவார். அதை அவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, நாங்களும் எடுத்துக்கொண்டதில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் அந்தக் கால் எங்கள் வீட்டுக்குத் தலைவலியானது.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஊர் நகரியிலிருந்து திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். காலை ஏழு மணி ஷிப்ட். போக அறுபத்தைந்து கிலோமீட்டர், வர அறுபத்தைந்து. சிகிச்சைக்குக் காசு கிடையாது, அரசாங்கத் திட்டத்தில் நடக்கிறது. போய் வருவதற்குத்தான் திட்டம் எதுவும் இல்லை.

முதலில் பஸ்ஸில் அழைத்துப்போனோம். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து வெளியே அனுப்பும்போது ஆள் துவைத்துப் பிழிந்த துணியாக இருப்பார். மூன்றாவது வாரம் திரும்பி வரும் வழியில் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகு டாக்ஸி. இரண்டு மாத டாக்ஸியில் என் மனைவியின் வளையல்கள் போயின. பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டுத் தன் சின்னக் காரைக் கொடுத்தார். முன்சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் நைனாவின் பாதம் டேஷ்போர்டுக்கு அடியில் போய் முட்டிக்கொண்டது. திருப்பதி போய்ச் சேர்வதற்குள் கால் வீங்கிவிட்டது. பின்சீட்டில் குறுக்கே படுக்கவைத்தால் அம்மாவுக்கு இடமில்லை.

ஆக, பெரிய வண்டிதான் வேண்டும். உயரமான சீட், நடுவில் கால் நீட்ட இடம், பின்னால் அம்மாவும் மற்றவர்களும் உட்கார இன்னொரு வரிசை. புது வண்டியைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாது. பழையதாக ஒன்று வாங்கலாம் என்றால், பழைய பெரிய வண்டிகளுக்குத் தாகம் அதிகம். யானையை வாங்கிக் கட்டுவது பெரிதில்லை, அதற்கு யார் தீனி போடுவது?

நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டுக் கூடத்தில் டியூஷன் எடுப்பவன். சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டுவரை ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் என் கத்தலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதே கூடத்தின் மூலையில்தான் நைனாவின் கட்டில். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று தெருவுக்கே தெரியும். கணக்கைத் தப்பாகப் போட்டவனைவிட, கணக்கே போடாமல் தலையாட்டுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவன் வண்டி வாங்கக் கிளம்பினால் சும்மா கிளம்புவேனா? ஒருநாள் போர்டில் எழுதினேன். வாரத்துக்கு மூன்று தடவை என்றால் முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். டியூஷன் வருமானத்தில் வண்டிக் கடன் தவணை போக, வாரத்துக்கு இருபத்தெட்டு லிட்டர் டீசல்தான் என்னால் முடியும். வண்டி லிட்டருக்குப் பதினாலு கொடுத்தால் மூன்று தடவை போகலாம். பத்துதான் கொடுத்தால் அதே டீசலில் இரண்டு தடவைதான் போகலாம். ஒன்பதாம் வகுப்புக்கு அதையே கணக்காகக் கொடுத்தேன். விடையைக் கீழே பெரிதாக எழுதிக் கட்டம் போட்டேன்: பதினாலு என்றால் மூன்று, பத்து என்றால் இரண்டு.

"சார், ரெண்டு தடவ போனா இருவது கிலோமீட்டர் மீதி வருது சார். அத்த இன்னா பண்றது?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு நைனா போர்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

முதலில் திருப்பதியில் தேடினேன். நைனாவை மெஷினில் படுக்கவைத்துவிட்டால் எனக்கு நாலு மணி நேரம் கிடைக்கும். பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் இடங்களில் ஏறி இறங்கினேன். திருப்பதியில் பழைய பெரிய வண்டி வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. அதில் பாதி திருமலைக்கு ஆள் ஏற்றிய வண்டிகள். தினமும் இரண்டு மூன்று தடவை மலை ஏறி இறங்கிய வண்டிக்கு கிளட்ச்சும் எஞ்சினும் எந்த நிலையில் இருக்கும் என்று அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும்.

ஒரு இடத்தில் விற்பனைக்காரன் மீட்டரைத் தட்டிக் காட்டினான். சராசரி மைலேஜ் பதினெட்டு என்று காட்டியது.

"சூடு சார், நல்லா பாரு, நானா சொல்றேன்? வண்டியே சொல்து."

எனக்குச் சந்தேகம். பக்கத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். வண்டியை மேலே கொண்டுபோய், இறங்குகிற ரோட்டின் தலைமாட்டில் மீட்டரைச் சைபராக்கிவிட்டு, கியரிலேயே உருட்டிக்கொண்டு கீழே வந்து நிறுத்திவிடுவார்களாம். மலை இறங்குகிற வண்டிக்கு டீசல் எதற்கு? நான் போய் அந்த விற்பனைக்காரனை நாலு பேருக்கு நடுவில் கிழித்தேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல், "மைலேஜ் பாக்கறவரு இந்த சைஸ் வண்டிக்கு வரக்கூடாது சார், ஸ்கூட்டர் வாங்கணும்" என்றான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாடா, அமஞ்சுதா?" என்று கேட்டார். குழாய்களில் அவர் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"அமையும் நைனா."

டாக்ஸிக்குக் கொடுக்க இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் கையில் காசு இருந்தது.

அப்போதுதான் சித்தூரில் ஒரு வண்டி இருப்பதாகத் தெரிந்தது. பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர் தன் சொந்த வண்டியை விற்கிறார். நானும் மனைவியும் பஸ் ஏறிப் போனோம். பைபாஸ் ஓரத்து டீக்கடையில் வெள்ளை வண்டியோடு நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வண்டி ஒன்பது வருஷத்தது, ஒரே ஓனர் கை. கதவைத் திறந்தால் மாங்காய்ப் பால் வாசனை. நடுச்சீட்டில் ஏறி என் வலது காலை நீட்டிப் பார்த்தேன். தாராளமாக நீண்டது. மனைவி பின்வரிசையில் உட்கார்ந்து, "இங்க அத்த உக்காந்தா மாமா தலைய புடிச்சிக்கலாங்க" என்றாள். அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இதுவும் பொய்யாகப் போனால்?

"எவ்ளோ குடுக்கும்?" என்றேன்.

"பதினாலு சார்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஒரு நாள் வண்டிய குடுங்க. டேங்க் ஃபுல் பண்ணிக்கினு நகரி போய்ட்டு வந்து, மறுபடி ஃபுல் பண்ணி நானே பாத்துக்கறேன்."

"மத்தியானம் வேலூர் பார்ட்டி வராரு சார். ஒரு நாளுக்கெல்லாம் எப்டி குடுக்கறது? நான் சொல்ற மாட்ட, பேச்சு மேல நம்பிக்க இருந்தா எடுத்துக்கோ."

ஒரு மாதமாகப் பொய் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காது. என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்:

"காணிப்பாக்கத்துல வந்து சொல்லுவீங்களா?"

மனைவி என் கையைக் கிள்ளினாள். எங்கள் பக்கத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. சித்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் காணிப்பாக்கம். அங்கே பிள்ளையார் முன்னால் பிரமாணம் செய்தால் அதற்கு மேல் பஞ்சாயத்து கிடையாது. குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு போய் நின்று சொல்லவேண்டும். பொய் சொன்னவனை அந்தச் சாமி சும்மா விடாது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, திருட்டு, கட்டின மனைவிமேல் சந்தேகம், இவற்றுக்குத்தான் காணிப்பாக்கம் என்ற பேச்சே எடுப்பார்கள். மைலேஜுக்காக அந்தப் பெயரை எடுத்தவன் அனேகமாக நான் ஒருவன்தான்.

வியாபாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரா சார், போதாம். வா, போவலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வழியெல்லாம் ஸ்பீடோமீட்டர் முள் அறுபதைத் தாண்டவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் திறந்திருந்தன. இரண்டையும் நான் பார்த்தேன், பார்த்தும் என் மண்டையில் ஏறவில்லை. அவர் குளத்துப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டை வேட்டியோடு இறங்கி மூன்று முங்கு முங்கினார். தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போய் நின்று கையைக் கூப்பினார்.

"சாமீ, இந்த வண்டி எனக்கு பதினாலு குடுக்குது. பொய்யின்னா என் பிள்ளைங்கள கேளு."

எனக்கு உடம்பு கூசியது. அதன்பிறகு எந்த வாயை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது? நாற்பதாயிரம் குறைத்துக் கேட்கலாம் என்று மனதில் வைத்திருந்தேன். அவர் சொன்ன விலையை அப்படியே ஒப்புக்கொண்டேன். அவர் ஈரச்சட்டையோடு நின்றே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நைனாதான். நடுச்சீட்டில் ஏறி, காலை நீட்டி, இரண்டு கையாலும் சீட்டைத் தடவினார்.

"வண்டில உக்காந்தா மாதிரி இல்லடா, வூட்டு கட்டில்ல உக்காந்தா மாதிரி கீது."

அம்மா அழுதுவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுவாரம் டேங்கை நிரப்பிக்கொண்டு இரண்டு தடவை போய் வந்தேன். இருநூற்றறுபது கிலோமீட்டர். புத்தூர் பக்கத்து பங்க்கில் மறுபடி நிரப்பச் சொன்னேன். பதினெட்டரை லிட்டர் பிடிக்கவேண்டும், கருணை காட்டிப் பத்தொன்பது. பம்ப் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது வந்தது, நிற்கவில்லை. இருபது. இருபத்திரண்டு. பம்ப்பில் கோளாறு என்று நினைத்தேன். இருபத்தைந்து. இருபத்தாறில் டக்கென்று நின்றது. சுளையாகப் பத்து.

பங்க்காரனிடம் சண்டை போட்டேன். அடுத்த வாரம் வேறு பங்க்குக்குப் போனேன். அங்கேயும் இருபத்தாறு. வியாபாரிக்கு ஃபோன் போட்டு வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"சார், ஏசி போடுறியா?"

"போடாம? நோயாளி சார் உள்ள!"

"நான் போட்டதே இல்ல. எத்தன பேரு?"

"நாலு பேரு."

"நான் ஒண்டி ஆளு. ஸ்பீடு?"

"ஏழு மணி ஷிப்ட்டுக்குப் போவணும். தொண்ணூறு, நூறு."

"நான் அறுபது தாண்ட மாட்டேன். எனக்கு குடுக்குதுன்னுதான் சார் சாமி முன்னால சொன்னேன். உனக்கு குடுக்கும்னு நான் எப்டி சொல்றது?"

ஃபோனை வைத்துவிட்டேன். மாணவன் 'எந்த வேகத்தில், எவ்வளவு எடையோடு' என்று கேட்காமல் விடை எழுதினால் காதைத் திருகுகிறவன் நான். ஒரு மனிதனைக் குளத்தில் முங்கவைத்த ஆத்திரத்தில், கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை. டயாலிசிஸ் முடிந்து நைனா வெளியே வந்ததும் உடனே புறப்பட முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியில் அரைமணி நேரம் படுக்கவைத்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் அந்த அரைமணி நேரம் டீசல் போகும். அதையெல்லாம் எந்தப் பிரமாணத்தில் சேர்ப்பது?

ஒருநாள் வியாபாரி மாதிரியே ஓட்டிப் பார்த்தேன். வேகம் அறுபது, ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருந்தது. திருப்பதி போய்ச் சேர்ந்து நிரப்பிப் பார்த்தால் பதின்மூன்றரை வந்தது. அந்த மனிதன் சொன்னது சத்தியம்தான். ஆனால் திரும்பும்போது நல்ல வெயில், வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் நைனா இரண்டு தடவை வாந்தி எடுத்தார். அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "ஏசி ரிப்பேராடா?" என்று கேட்டாள். நான் பட்டனை அழுத்தினேன். குளிர்காற்று வந்ததும் நைனா கண்ணைத் திறந்து அந்த பட்டனையே பார்த்தார்.

அன்று சாயங்காலம் கேட்டார். "வண்டி எவ்ளோ குடுக்குது?"

"பதினாலு" என்றேன்.

தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை விடியற்காலையில் நான் சாவியோடு வந்தால் அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னிக்கி வாணாம்டா. ஒடம்பு நல்லாதான் கீது. சனிக்கெழம போவலாம்." முகமும் தெளிவாகத்தான் இருந்தது. சரி என்றேன். அதற்கடுத்த வியாழனும் அதையே சொன்னார். நர்ஸ் ஃபோன் செய்து கேட்டதற்கு, ஊரில் ஒரு காரியம் என்று நானே பொய் சொன்னேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த இரண்டு வியாழக்கிழமையும் எனக்கு ஆறுதலாக இருந்தது. பதிமூன்று லிட்டர் மிச்சம் என்று மனது தன் போக்கில் கணக்குப் போட்டது. பெற்ற தகப்பனுக்கு ரத்தம் சுத்தமாகாத நாளில் பிள்ளைக்கு ஆறுதல்.

மூன்றாவது வியாழனும் போகவில்லை. சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். நைனா கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வீக்கம். மூச்சு இழுக்கும்போது தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி சத்தம் வந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்த்தார், வார்த்தை வரவில்லை.

நானும் மனைவியும் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினோம். அம்மா பின்னாலிருந்து அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஏசியை முழுதாக வைத்தேன். முள் நூற்றிருபதைத் தொட்டது. புத்தூர் தாண்டி ஒரு மணல் லாரி வழி விடவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், எதிரில் வரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே வலதுபக்கம் ஏறினேன். மனைவி, "ஏங்க! ஏங்க!" என்று கத்தினாள். கண்ணாடியில் நைனாவைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். நெஞ்சு ஒருமுறை எழும்பியது. அம்மா, "மூச்சு கீதுடா, ஓட்டு, ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த ஒரு நாள்தான் அந்த வண்டி எவ்வளவு கொடுக்கும் என்ற நினைப்பில்லாமல் அதை ஓட்டினேன்.

ஆக்சிஜன் வைத்து, நேரே மெஷினில் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தாள். எனக்குப் பாதி தமிழ், பாதி தெலுங்கு என்று கிடைத்தது.

"மூணு வாரமா வியாழக்கிழம ஏன் வரல? எவரு செப்பினாரு உங்களுக்கு, ரெண்டு தடவ போதும்னு? இன்னும் ஒரு மணி நேரம் லேட் ஆயிருந்தா சாமி கிட்டதான் போயிருப்பாரு."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் போன பிறகு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பங்க்கில் கொடுக்கிற சீட்டுகள். நான் பணம் கொடுத்துவிட்டு நடுச்சீட்டுக் கதவுப் பையில் சொருகிவைப்பேனே, அவை. ஒவ்வொன்றிலும் இருபத்தாறு லிட்டர், இருபத்தாறு லிட்டர்.

"உன் நைனா எடுத்து வெச்சிருந்தாரு. வண்டி பத்துதான் குடுக்குதாம். பதினாலுன்னா மூணு, பத்துன்னா ரெண்டு, அதான் கணக்குன்னாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட ஆணை வாங்கிக்கினாரு."

"யாரும்மா சொன்னது அந்தக் கணக்கு?"

"நீதான்டா. போர்டுல எழுதி கட்டம் போட்டியே."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்க நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் போட்ட கணக்கைத் தட்டாமல் போட்டுப் பார்த்த ஒரே மாணவர் அவர்தான்.

நைனா தேறி வீட்டுக்கு வர ஒரு வாரம் ஆனது. வந்த அன்றே போர்டைக் கழற்றிப் பின்பக்கம் வைத்துவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"மெக்கானிக்கிட்ட வுட்டிருந்தேன் நைனா. டீசல் வீணாப் போய்க்கினு இருந்துச்சாம். சரி பண்ணிட்டான். இப்போ பதினாலு குடுக்குது."

அவர் சிரித்தார். "மூணு தடவ வாணாம்டா. அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்கோ. நான் உப்பு, தண்ணியெல்லாம் கொறச்சி துன்னுக்கினு ரெண்டு தடவலயே சமாளிச்சிக்கறேன். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நீ எங்க போவ?"

"பதினாலு குடுக்குது நைனா. நெஜமா."

"அப்டியா?" என்றார். "அப்போ காணிப்பாக்கத்துல வந்து சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. இந்த இடத்தில் மகன் வாயை மூடிக்கொள்வான் என்று நிச்சயமாக நம்பிச் சொன்னார். அந்தச் சாமி என்றால் அவருக்கு உயிர். தறிச் செட்டில் யாராவது வாய்தவறி அந்தப் பெயரில் சத்தியம் செய்தால்கூட எழுந்து போய்விடுவார். நான் பின்வாங்குவேன், அதோடு விஷயம் முடிந்தது, வாரத்துக்கு இரண்டு தடவை என்று ஆகிவிடும். அதுதான் அவர் கணக்கு.

"ஞாயித்துக்கெழம போவலாம்" என்றேன்.

மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை. "வேற எதாவது சொல்லி சமாளிங்க. அங்க போய் பொய் சொல்லாதீங்க, எனக்கு பயமா கீது" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கணக்கு வாத்தியார், பகுத்தறிவு என்றெல்லாம் பேசுகிறவன்தான். ஆனால் அந்த ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் யாரும் அந்தக் குளத்தில் விளையாட்டாக இறங்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வண்டியில் கிளம்பினோம். நைனா ஒரே ஒரு தடவை, "ஏசிய கொறைடா" என்றார். நான் குறைக்கவில்லை. குளத்துப் படி வந்ததும் செருப்பைக் கழற்றினேன். அவர் கைத்தடியை ஊன்றி, அந்த மடங்காத காலை ஒரு பக்கம் சாய்த்து, மேல்படியில் நின்று பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"போதும்டா. வா, வூட்டுக்கு போவலாம்" என்றார்.

நான் இறங்கினேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அதே இடத்தில் முங்கிய அந்த மாங்காய் வியாபாரியை நினைத்துக்கொண்டு மூன்று முங்கு முங்கினேன். அவர் உண்மையைச் சொல்ல முங்கினார். ஈரத்தோடு நடந்து உள்ளே போனேன். நைனா கைத்தடியைத் தட்டிக்கொண்டு அம்மாவைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தார். சன்னதிக்கு எதிரில் நின்று கையைக் கூப்பினேன்.

"சாமீ, என் வண்டி பதினாலு குடுக்குது. பொய்யின்னா என் தலையோட போவட்டும்."

குழந்தைகள் பெயரைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. திரும்பி நைனாவைப் பார்த்தேன். அவர் என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். நான் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று சட்டையைப் பிழிந்தேன். மனைவி துண்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து நைனா வந்தார். அம்மா ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"சாமி கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா? 'அவன் சொன்னது எனுக்காவ சொன்னது. அவன ஒண்ணும் பண்ணாத, கேக்கறத எங்கிட்ட கேளு'ன்னாரு."

நான் வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டேன். கண்ணாடியைச் சரி செய்கிற சாக்கில் பின்னால் பார்த்தேன். நைனா காலை நீட்டி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கடைசியாக ஒளித்துவைத்திருந்த பங்க் சீட்டை எடுத்து, நாலாகக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"வியாழக்கெழம எத்தினி மணிக்கிடா பொறப்படணும்?" என்று கேட்டார்.